இடுப்பில் செருகிய பீஸ் கட்டை

அவர் செத்துப் போய் வெகுநாள் ஆகிறது. செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாதாம். நான் பேசுவேன். குழாயடியில் ஆறு குடித்தனத்துக்கு முன்னால் என் புருஷனைத் திருடன் என்று சொன்னவரைப் பற்றி வேறு எப்படிப் பேசுவது?

ராயபுரத்தில் கடலைப் பார்க்கப் போகிற ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. கீழே நாங்கள் ஆறு குடித்தனம், மாடி முழுக்க வீட்டுக்காரர். மரம் அறுத்து விற்கிற மரவாடி வைத்திருந்தார். ஐம்பது வயது, நெற்றியில் பெரிய குங்குமம், பேச்சில் எப்போதும் நியாயம். அவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷத்துக்கெல்லாம் நான் கல்யாணமாகி அங்கே வந்தேன். எண்ணூரில் எங்கள் அம்மா வீட்டில் சிம்னி விளக்குதான். சுவரில் தட்டினால் வெளிச்சம் வருகிற வீட்டில் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று என் அம்மா ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சம் யார் இடுப்பில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

நடையில், குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டு உண்டு, சாவி நைனாவிடம். உள்ளே இரண்டு மீட்டர். இடது பக்கம் இருந்தது மாடிக்கு. வலது பக்கம் இருந்தது கீழே இருக்கிற ஆறு வீட்டுக்கும் சேர்த்து. வலது மீட்டருக்குக் கீழேதான் பீஸ் கட்டை. வெள்ளைப் பீங்கானில் ஒரு சோப்புக்கட்டி அளவு இருக்கும். அதைச் செருகினால் ஆறு வீட்டிலும் கரண்டு, உருவினால் ஆறு வீடும் இருட்டு.

சாயங்காலம் ஆறு மணிக்கு நைனா இறங்கி வந்து பெட்டியைத் திறந்து கட்டையைச் செருகுவார். ஒன்பது மணிக்கு மறுபடி வந்து இரண்டு தரம் இருமுவார். மூன்றாவது இருமலுக்குக் கட்டை அவர் கையில். அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். பகலெல்லாம் அது அவர் இடுப்பிலேயே இருக்கும். மரவாடிக்குப் போனாலும் கூடவே போகும். ஒருநாள் எதிர்க் குடித்தனத்து மீன்கார அக்கா, "சோத்துல கை வெச்சிக்கினு கீறோம் நைனா, ஒரு அஞ்சு நிமிசம் வுடு" என்று கத்தினாள். "இருட்டுல உன் வாயி எங்க கீதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு உருவிக்கொண்டு போனார். அதற்கும் நாங்கள் சிரித்தோம். குடக்கூலி கொடுக்கிறவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு பல்புதான். இஸ்திரிப் பெட்டி கூடாது, ரேடியோ கூடாது. பில் வந்ததும் அதை ஆறாகப் பிரித்து, யார் எவ்வளவு என்று வாசலில் நின்று சொல்வார். சொல்லிவிட்டுத் தன் மீட்டரைக் காட்டுவார். "பாரு, மேல ரெண்டு ஃபேன் கீது. ஆனா என் மீட்டரைப் பாரு, உங்க மீட்டரைப் பாரு. எனுக்கு எவ்ளோ கம்மியா ஓடிக்கீது. சிக்கனம் வோணும், சிக்கனம்." நாங்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வோம்.

அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு லட்சுமி படத்தை மாட்டி வைத்திருந்தார். பெரிய படம், கண்ணாடி போட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் நாங்கள் பெண்கள் முறை வைத்து அதற்குப் பூ வைப்போம். பெட்டியைத் தொடக் கூடாது, படத்தைக் கழற்றக் கூடாது, பூ மட்டும் வைக்கலாம். எங்கள் ஆறு வீட்டு மல்லிகைப்பூ எதற்கு மேல் கிடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வருஷம் சித்திரையில் பில் ஏறிக்கொண்டே போனது. மீன்கார அக்காதான் முதலில் கேட்டாள். கடலோரத்துப் பெண், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், கூடையைத் தலையில் வைத்தால் யானைக்கவுனி வரைக்கும் இறக்காமல் நடப்பாள். யாருக்கும் பயப்பட மாட்டாள். "அதே ஆறு பல்பு, அதே மூணு மணி நேரம், கரண்டு மட்டும் எப்டி நைனா குட்டி போடுது?" என்றாள். நைனாவுக்கு முகம் மாறியது. மறுநாள் காலையில் குழாயடியில் எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது இறங்கி வந்தார். நேராக என்னைப் பார்த்தார்.

"இந்த வூட்ல கரண்டு தெரிஞ்சவன் ஒருத்தன்தான் கீறான். உன் வூட்டுக்காரன்."

என் புருஷன் துறைமுகத்தில் மின்சாரக் கிரேன் பகுதியில் தினக்கூலியாக இருந்தார். மூன்று வருஷமாகக் காத்திருந்து, அந்த மாசக் கடைசியில் நிரந்தரம் ஆகிற பட்டியலில் அவர் பேர் இருந்தது. நிரந்தரம் ஆகிவிட்டால் மழையிலும் சம்பளம் உண்டு, காலை உடைத்துக்கொண்டாலும் சம்பளம் உண்டு. என் வயிற்றில் அப்போது மூன்று மாசம். எங்கள் வாழ்க்கை பூராவும் அந்தப் பட்டியலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நைனா என் வீட்டுக்குள் நுழைந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்தார், அரிசிப் பானையைத் திறந்தார், என் டிரங்குப் பெட்டியைக் கிளறினார். ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே வரும்போது கொல்லையில் நான் துணி காயப்போடக் கட்டியிருந்த ஒயரைப் பார்த்துவிட்டார். காயலான் கடையில் என் புருஷன் எடைக்கு வாங்கிய பழைய ஒயர் அது. கயிறு உப்புக்காற்றில் இற்றுப்போகிறது என்று நான்தான் வாங்கி வரச் சொன்னேன். என் பாவாடையும் அவர் சட்டையும் அதில் காய்ந்துகொண்டிருந்தன. துணியை மண்ணில் தள்ளிவிட்டு ஒயரை அறுத்தெடுத்துச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இது ஆர்பர் ஒயரு. ஆர்பர்ல திருடி, இங்க கொக்கி போட்டுக் கரண்டு திருடியிருக்கான். திருட்டுப் பய."

என் புருஷன் அப்போதுதான் ராத்திரி வேலை முடிந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. "நைனா, சத்தியமா இல்ல நைனா" என்று கையைக் கூப்பினார். அவர் கூப்பிய கையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. நைனாவின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

நைனா சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். துறைமுக அதிகாரிக்கு எழுதிய கடிதம். முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார் மகானுபாவர். "திங்கக்கெழம மீட்டர் பாக்க வர்றான். அவன் முன்னால எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு, வூட்டைக் காலி பண்ணு. இல்லாங்காட்டி இத்தத் தபால்ல போட்டுருவேன். அப்பால நீ ஆச்சு, உன் பர்மெனன்ட்டு ஆச்சு."

மற்ற குடித்தனக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் பில் அதிகமானதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதி அவர்கள் முதுகிலேயே தெரிந்தது. அதுவும் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் மதியம், வெயில் சந்து பூராவையும் பொசுக்கிக்கொண்டிருந்தபோது, குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. குடம் நிறையும் வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றேன். எதிரே மீட்டர் பெட்டி. பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் அதைப் பார்த்தேன். வலது மீட்டருக்குள், சின்னக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு தகட்டுச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி போகும், வரும், போகும், வரும். பீஸ் கட்டை இருக்க வேண்டிய இடம் பொக்கைவாய் மாதிரி காலியாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் புருஷனிடம் சொன்னேன். பிடிக்காத சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கட்டை இல்லாதப்போவா சுத்துச்சு? நல்லாப் பாத்தியாமே?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"யாராச்சும் கரண்டு எடுத்தாதான் அந்தச் சக்கரம் சுத்தும். கட்டை இல்லன்னா நம்ம ஆறு வூட்டுக்கும் கரண்டு வராது." சோற்றுக்கையாலேயே தரையில் ஒரு கோடு போட்டார். "மீட்டருக்கும் கட்டைக்கும் நடுவுல எவனோ ஒரு லைனை உருவியிருக்கான்."

எவனோ என்ன எவனோ. மதியம் மரவாடியை மூடிவிட்டு வந்து இரண்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர் ஒருத்தர்தான். அவர் குறட்டை விடுகிற காற்றுக்கு நாங்கள் காசு கட்டியிருக்கிறோம். கட்டிவிட்டுச் சிக்கனம் பற்றிப் பாடமும் கேட்டிருக்கிறோம்.

"இப்பவே போயிக் கேளு" என்றேன்.

"நான் கேட்டா ஒரு மணி நேரத்துல ஒயரைப் பிச்சிப் போட்டுட்டு, என்னையே கைகாட்டுவாரு. பெட்டிச் சாவி அவராண்ட கீது. நாம சொன்னா எவன் நம்புவான்? வூட்டைக் காலி பண்ணிக்கினு போயிரலாம்மே."

"நீ வேலைக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றேன். எனக்கு வீடு வேண்டாம், நியாயம்கூட அப்புறம். அந்த ஆள் குழாயடியில் நிற்க வேண்டும். எந்த இடத்தில் என் புருஷன் கையைக் கூப்பினாரோ, அதே கல்லின் மேல் நிற்க வேண்டும். மூன்று நாளும் வேறு எதையும் நான் நினைக்கவில்லை. குழம்பில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

மீன்கார அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பெட்டி முன்னால் நின்று, புள்ளி போய் வருவதைத் தன் கண்ணால் பார்த்தாள். "அடக் கஸ்மாலம்! இதுக்கா நான் மொறை தவறாம ரெண்டு மொழம் பூ வெச்சேன்?" என்றாள். அப்புறம் ஒரு விஷயம் சொன்னாள். மீட்டர் பார்க்க வருகிற நாளில் மட்டும் நைனா ஃபேன் போட மாட்டார். வேர்க்க விறுவிறுக்க, கையில் பனைவிசிறியோடு இறங்கி வருவார். வருஷக்கணக்காக அவள் அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தாள்.

அப்படியென்றால் திங்கட்கிழமை ஃபேனை ஓட வைக்க வேண்டும். மாடியில் நைனாவின் சம்சாரம் மட்டும்தான் இருப்பார். வாயில்லாப் பூச்சி. நைனா இருமினால்கூட எழுந்து நிற்பார். கீழே வந்தால் எங்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மாடிப்படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். எனக்குத் தையல் தெரியும் என்று ரவிக்கைத் துணி ஒன்று கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டேன். நல்லவரை ஏமாற்றப் போகிறோம் என்று உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் உறுத்திவிட்டுப் போகட்டும் என்று படியேறினேன்.

கீழே மீட்டர் பார்க்கிறவரின் சைக்கிள் மணி கேட்டதும் அளவு நாடாவைப் பிரித்தேன். "யக்கா, இன்னா புழுக்கம் மேல! வேர்வையில நாடா நிக்க மாட்டேங்குது. ஃபேனைக் கொஞ்சம் போடேன்."

அவர் என்னைப் பார்த்தார். "இன்னிக்குப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டுக் கீழ போயிருக்காரும்மா."

"எனுக்கு மயக்கமா வருதுக்கா. மசக்கை."

இன்னொரு தரம் என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஹாலில் இருந்த ஃபேனைப் போட்டார். அது கடக் கடக் என்று கிளம்பியது. "ஊசியைக் கீழயே வெச்சிட்டேன், எடுத்துக்கினு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, படியில் இரண்டிரண்டாக இறங்கினேன். மூன்று மாசக்காரி அப்படி இறங்கக் கூடாது. இறங்கினேன்.

குழாயடியில் ஆறு குடித்தனமும் கூடியிருந்தது. மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வந்த கூட்டம். என் புருஷன் சுவரோரம் நின்றார். நைனா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மீட்டர் பார்க்கிறவருக்குச் சோடா கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் கடிதம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம வூட்ல ஒரு திருட்டு சார். அந்தாளு கரண்டு தெரிஞ்சவன். ஆனா நான் எவ்ளோ ஜாக்கிரதை பாருங்க." வேட்டி மடிப்பைத் தட்டிப் பீஸ் கட்டையை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "பகல்ல இது என் இடுப்புலதான் கீது. என்னைக் கேக்காம கீழ ஒரு ஈ கூட கரண்டு எடுக்க முடியாது."

இதற்காகத்தான் காத்திருந்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்போ அந்தச் சக்கரம் யாருக்காக சுத்துது நைனா?"

மீட்டர் பார்க்கிறவர் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். வலது மீட்டரைப் பார்த்தார், நைனாவின் கையில் இருந்த கட்டையைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். மாடியிலிருந்து கடக் கடக் என்ற சத்தம் தெளிவாக வந்தது.

"மேல இன்னா ஓடுது?" என்றார் அவர்.

நைனா வாயைத் திறப்பதற்குள் மீன்கார அக்கா அண்ணாந்து பார்த்துக் கத்தினாள். காசிமேடு வரைக்கும் கேட்டிருக்கும். "யக்கா! ஃபேனை நிறுத்து!"

கடக் கடக் நின்றது. சக்கரம் தயங்கித் தயங்கி நின்றது.

"போடு!"

சக்கரம் கிளம்பியது.

"நிறுத்து!"

நின்றது. மூன்றாம் முறை ஆறு குடித்தனமும் சேர்ந்து கத்தியது. என் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான் இப்போது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள். போடு என்றால் சுற்றியது, நிறுத்து என்றால் நின்றது. நைனா கையில் பீஸ் கட்டையோடு அதே கல்லின் மேல் நின்றார். நெற்றிக் குங்குமம் வேர்வையில் மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. அந்த முகத்தை இன்றைக்கும் வேண்டும்போது கண்ணை மூடிப் பார்த்துக்கொள்கிறேன். இனிக்கிறது.

மீட்டர் பார்க்கிறவர் லட்சுமி படத்தைக் கழற்றச் சொன்னார். மீன்கார அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு கழற்றினாள். பின்னால் சுவரில் ஒரு ஓட்டை. பெட்டிக்குள்ளிருந்து வந்த ஒயர் அந்த ஓட்டை வழியாக மாடிக்குப் போயிருந்தது. அதன் மேல் எங்கள் காய்ந்த பூச்சரம் ஒன்று விழுந்து கிடந்தது.

நான் நைனாவிடம் போனேன். கையை நீட்டினேன். "லெட்டரைக் குடு."

"அது... சும்மா பயமுறுத்தத்தான்மா எழுதுனேன்."

"குடு."

கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்து, அதன் மேலேயே உலையை ஏற்றினேன். மன்னிப்பு? அதையும் வாங்கினேன். நைனா என் புருஷனைப் பார்த்துக் கையைக் கூப்புகிறவரைக்கும் நான் யாரையும் நகர விடவில்லை. என் புருஷன்தான், "போதும், வா" என்று என் தோளைத் தொட்டார். எனக்குப் போதவில்லை.

கரண்டு ஆபீஸிலிருந்து வந்து மாடிக்குப் போகிற லைனையே வெட்டிவிட்டுப் போனார்கள். அபராதம் கட்டி, மனுப் போட்டு, மறுபடி லைன் வர இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது. பீஸ் கட்டையை மற்ற ஐந்து குடித்தனக்காரர்களும் சேர்ந்து என்னிடம் கொடுத்தார்கள். நான் அதைச் செருகியதோடு சரி, ஒருநாளும் உருவவில்லை. மாடி இருட்டாக இருந்த அத்தனை நாளும், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும், ஒன்பது மணிக்கு மேல் என் பல்பை எரியவிட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். வெளிச்சம் நேராக மாடிப்படியில் விழும். நைனா அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு என் வெளிச்சத்தைத் தாண்டிப் படியேறுவார். நான் இரண்டு தரம் இருமுவேன்.

அந்த மாசக் கடைசியில் என் புருஷன் நிரந்தரம் ஆனார். பட்டியலில் பேரைப் பார்த்துவிட்டு வந்து, என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு முள் மட்டும் எனக்குள் இருந்தது. நைனாவின் சம்சாரம். அந்த வாயில்லாப் பூச்சியைப் பொய் சொல்லி மாட்டிவிட்டோமே, மாடியில் நைனா அவரை என்ன பாடு படுத்தினாரோ என்று, அவர் தண்ணீருக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். ரவிக்கையைத் தைத்து முடித்தும் கொண்டுபோய்க் கொடுக்க முகமில்லை.

ஒருநாள் மத்தியானம் அவரே என் வாசலில் வந்து நின்றார். கையில் சுருட்டிய ஒயர். கொல்லையில் நைனா அறுத்தெடுத்த என் துணி காயப்போடும் ஒயர்.

"உன்னுதும்மா. கட்டிக்கோ" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "யக்கா, அன்னிக்கு மயக்கம்னு சொன்னது பொய்யிக்கா. உன்ன ஏமாத்திட்டேன். மன்னிச்சிருக்கா."

அவர் மாடிப்படியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எடுத்து நீட்டிய ரவிக்கையை நிதானமாக விரித்து, தையலை இழுத்துப் பார்த்தார்.

"இருவது வருசமா அந்தாளோட குப்பை கொட்டறேன். அவரு வூட்ல இல்லாதப்போ எனுக்காக ஒருநாளும் அந்த ஃபேனைப் போட வுட்டதில்ல. நீ நாடாவோட மேல வந்தப்பவே, அதுவும் ரீடிங் அன்னிக்கு, எனுக்குப் புரிஞ்சிபோச்சு" என்றார். "ஆனா நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. ரூம் ஃபேனையும் சேத்துப் போட்டிருப்பேன்."